ஜனவரி ஒன்று, எண்பது

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பேராசிரியர் கல்யாணராமன், அவர் மனைவி பங்கஜம் மாமி, திருவான்மியூரிலிருந்து ஆட்டோவில் வந்திருந்த மகள் மதுவந்தி, குடும்ப டாக்டர் சுப்பராமன், நான். என் பெயர் அய்யாதுரை. மாமி எல்லோருக்கும் காபி கொடுத்தார். எனக்குச் சர்க்கரை குறைவாக, கேட்காமலே. கல்யாணராமனுக்குப் புத்தி கலங்கிவிட்டதா, அவரை இனித் தனியாக விடலாமா என்று முடிவு செய்யக் கூடியிருந்தோம்.

நீங்கள் கேட்டது வேறு. ஒரே மேற்கோள் நூலகத்தை இரண்டு கணினிகளில் பழுதில்லாமல் வைத்திருப்பது எப்படி என்று கேட்டீர்கள். அதைச் சொன்னால் இதையும் சொன்னதாகிவிடும்.

நூலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யார் எழுதிய கட்டுரை, எந்த வருஷம், எந்த இதழ் என்று குறித்துவைக்கும் ஒரு கோப்பு. எங்களுடையது கடற்பாசிகளைப் பற்றியது. கல்யாணராமன் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூர் வீட்டில் அவருக்கு ஒரு கணினி. அடையாறில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இன்னொன்று; அங்கே எனக்கு இரவுப் பணி. முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டவனுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. பகலில் அவர் பதிவார், இரவில் நான் பதிவேன். காலையில் கோப்பை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் கணினியில் ஏற்றுவேன். மாலையில் வேலைக்குப் போகும் வழியில் எடுத்துப்போவேன். புத்தகமாக வரும்போது தன் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கும் என்று சொல்லியிருந்தார். பெயரைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை.

ஃப்ளாப்பியில் வைத்தே கோப்பைத் திறக்கக் கூடாது. மூடிய பிறகுதான் நகலெடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றை எழுதுமுன் பழையதை வேறு பெயரில் எடுத்து வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அது இரண்டு கோப்புகளின் தேதியைப் பார்க்கும். புதியது பழையதன்மேல் போய் உட்காரும்.

எங்கள் நூலகத்துக்கு ஒரே ஒரு குறை இருந்தது. நான் பதிந்ததை அவர் திருத்துவார். தலைப்பெழுத்தை மாற்றுவார், வருஷத்தை மாற்றுவார். பெரும்பாலும் அவர் திருத்தியது சரி. ஆனாலும் இரண்டு கை பட்ட நூலகம் ஒரு நூலகமாக நிற்காது.

தொண்ணூற்றாறாம் வருஷம் கோடையில் அவர் கணினியின் பேட்டரி செத்துப்போனது. கணினி அணைந்திருக்கும்போதும் தேதி ஓடுவதற்காக உள்ளே நாணயம் போல ஒன்று இருக்கும். அது செத்துவிட்டால், ஒவ்வொரு முறை போடும்போதும் கணினி 1980 ஜனவரி ஒன்று என்று நினைத்துக்கொண்டு விழிக்கும். எஃப் ஒன் விசையை அழுத்தச் சொல்லும். அவர் அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். அன்று பகல் முழுக்க அவர் பதிந்தது பதினாறு வருஷப் பழசாகிவிட்டது. மாலையில் நான் நிரலை ஓட்டினேன். அது சொன்னபடி செய்தது: காலையில் நான் கொண்டுவந்த கோப்பு அவருடையதன்மேல் போய் உட்கார்ந்தது.

மறுநாள் காலை வாசலிலேயே நின்றார்.

“டேய் அய்யாதுரை, நேத்திக்குப் பூரா உக்காந்துண்டு அடிச்சேனே, ஒண்ணையும் காணமேடா.”

“சேவ் பண்ணினீங்களா சார்?”

“பண்ணின மாதிரிதான் இருக்கு.”

உள்ளேயிருந்து மாமி சொன்னார்: “மாத்திரை போட்டுண்டாச்சான்னு காலம்பற என்னையே ரெண்டு தரம் கேட்டேள். பாவம், மிஷின் என்ன பண்ணும்?”

அவர் சிரித்தார். சிரிப்பு முழுதாக வரவில்லை. காரணத்தை அதற்குள் நான் கண்டுபிடித்திருந்தேன். எடுத்து வைத்த நகலும் என் பையில் இருந்தது. ரிச்சி தெருவுக்குப் போனால் பேட்டரி கிடைக்கும். நான் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். முதலில் செய்தது அவ்வளவுதான்.

பிறகு கொஞ்சம் யோசித்துச் செய்தேன். என் பதிவுகளில் அவர் கை வைத்த நாட்களில் தேதியை அப்படியே விட்டேன். அவர் புதிதாகப் பதிந்த சில நாட்களில் நிரலை ஓட்டுமுன் கோப்பின் தேதியைச் சரிசெய்தேன். எல்லாமே காணாமல் போனால் மனிதன் இயந்திரத்தைச் சந்தேகிப்பான். சில போய்ச் சில தங்கினால் தன்னைச் சந்தேகிப்பான். அவர் பதிந்தது எதுவும் அழியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அத்தனையும் என்னிடம் இருக்கிறது. இரவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நானே பதிந்துகொண்டேன்.

அவர் குரல் தணிந்தது. ஒரே கட்டுரையைப் பதிந்தோமா என்று மாமியைக் கேட்பார். சாப்பிட்டோமா என்றும் கேட்கத் தொடங்கினார். அது நான் செய்ததல்ல.

மயிலாப்பூரில் இறங்காமல் நேரே வேலைக்குப் போன ஒரு நாள் மாலை, அடையாறில் வாட்ச்மேன் ஹனீஃபா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“இன்னா நைனா, உங்க பெருசு மத்தியானமே பனியனோட வந்து குந்திக்கினு கீது. உன் மிஷின்ல இன்னா தேதின்னு பாக்கணுமாம். வெயில்ல மண்ட காஞ்சி பூட்ச்சா?”

மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். செருப்பில்லாத கால் கொப்பளித்திருந்தது. மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். ஆட்டோவில் ஏற்றினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தேதிடா. என் மிஷின் எண்பதுங்கறது. உன்னோடது தொண்ணூத்தாறுன்னுதானே இருக்கும்? நான் அடிச்சதைப் பழசுன்னு நெனச்சுண்டு அழிச்சுடறது. எனக்கு ஒண்ணும் ஆகலைடா.”

“நாளைக்குப் பாத்துக்கலாம் சார்,” என்றேன்.

வீட்டில் இறக்கிவிட்டு, வழி தெரியாமல் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார் என்று மாமியிடம் சொன்னேன். மாமி அவர் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது கணினியில் தேதியைச் சரிசெய்து, அணைக்காமல் விட்டேன். அணைக்காவிட்டால் தேதி தங்கும்.

மறுநாள் காலைதான் டாக்டர் வந்தார்.

“இப்ப என்ன வருஷம், சொல்லுங்கோ பாப்போம்.”

“உமக்கா, மிஷினுக்கா?” என்றார் கல்யாணராமன். “நமக்குத் தொண்ணூத்தாறு. அதுக்கு எண்பது.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மதுவந்தி எழுந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அப்பா, தொண்ணூத்தாறுன்னுதாம்பா இருக்கு.”

“அப்போ யாரோ மாத்திருக்கா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நானொருவன்தான் அந்தக் கணினியை அறிந்தவன்.

“எப்பவும் சரியாத்தான் காட்டும் டாக்டர்,” என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே தனியாக விட வேண்டாம், மத்தியான நேரத்தில் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிக்கொள்வதில் தப்பில்லை, கணினியை வீட்டிலிருந்து எடுத்துவிடுவது நல்லது என்றார். எடுத்துப்போக நான் சம்மதித்தேன். அதன்பின் நூலகத்தில் ஒரு பிழை வரவில்லை. நீங்களே வந்து பார்க்கலாம். ஒரு கை மட்டுமே எழுதுகிறது. நான் செய்ததெல்லாம் அந்த நூலகத்தின் நன்மைக்காக.

மாமியால் எழுந்திருக்க முடியவில்லை.

“நீயே அழைச்சுண்டு போப்பா. நீ சொன்னா கேப்பார்.”

தோளைப் பிடித்து அழைத்துப்போனேன். நடையைத் தாண்டியதும் அவர் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“எனக்கு மட்டும் சொல்லுடா. எண்பதுன்னுதானே இருந்தது?”

நான் தேவையில்லாமல் பொய் சொல்பவனல்ல.

“ஆமா சார். எண்பதுதான்.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அறைக்குள் போனவர் கூடத்தை நோக்கித் திரும்பி, வீடே கேட்கும்படி கூவினார்: “பங்கஜம்! எண்பதுதானாம்! அய்யாதுரையே சொல்லிட்டான்!”

கூடத்தில் மதுவந்தி அழத் தொடங்கினாள். நான் கதவைச் சாத்தி, பூட்டினேன்.