பரிசலுக்கு முளைத்த கால்கள்

ஒகேனக்கல்லில் மீன் வறுவலைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு தின்றுவிட வேண்டும், ஐயா. ஆறிப்போனால் முள்ளும் மிளகாயும்தான் மிச்சம். என் பேரில் ஒரு குற்றம் உண்டென்றால் அது அந்த மீன் துண்டில்தான் தொடங்குகிறது. மற்றவை எல்லாம் அதன் பின்னால் தாமாக வந்து நின்றவை.

என் பெயர் பச்சியப்பன். சேலத்துப் படக் கம்பெனி ஒன்றில் கதை இலாகாவில் இருக்கிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் குடியிருக்கும் சவுரியப்பன் என்ற ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் இருபது வருஷமாக எழுதிய 'பாஷாணத் தீவின் அரசி' என்ற மாயாஜால நாவலைச் சினிமாவுக்குச் சுருக்கிக் கொடுத்தவன் நான்தான். நாவல் எட்டுப் பாகம். அதில் நூற்று நாற்பத்து மூன்று பாத்திரங்கள். ஒருவர் செத்துப் பாம்பாகிறார், பாம்பு செத்து மந்திரியாகிறது, மந்திரி தன் பழைய மனைவியைத் தேடி நாற்பது அத்தியாயம் அலைகிறார். யுத்தம் நடப்பதால் பதினோராயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாதென்பது சர்க்கார் உத்தரவு. இரண்டேகால் மணி நேரம்கூட ஓடாத படத்துக்குள் இத்தனை பேரும் பிறந்து, செத்து, மறுபடி பிறந்தாக வேண்டும்.

நான் நியாயமாகத்தான் வெட்டினேன். முதலாளி முன்கூட்டியே பதினேழு நாடகக்காரர்களுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆட்களை நீக்க முடியாது. ஆகவே அவர்கள் யார் என்று சொல்லும் இடங்களை நீக்கினேன். ஒரு குருட்டு மந்திரி வருவார், மூன்று தரம் சிரிப்பார், போய்விடுவார். அவர் ஏன் சிரித்தார் என்பது நாலாம் பாகத்தில் இருக்கிறது. ஜனங்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் எதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்பதை அப்போதே கண்டுகொண்டேன்.

போன வருஷம் மாசியில் ஒகேனக்கல்லில் படப்பிடிப்பு. பென்னாகரம் வரை கரியில் ஓடும் பஸ், அப்புறம் மாட்டு வண்டி. அருவிக்கு எதிர்ப்பாறையில் அரசியின் உப்பரிகையை மரத்தால் கட்டினோம். ஆள் பற்றாக்குறையால், காமிரா ஓடும்போது ஆற்றங்கரைப் பாதையில் நின்று வழிப்போக்கர்களை நிறுத்தும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். பாதைக்குப் பக்கத்தில்தான் மீன் வறுக்கிறார்கள்.

அங்கே பரிசல்காரர்களின் வழக்கம் தங்களுக்குத் தெரிந்ததே. சவாரியை ஆற்றோட்டத்தோடு கீழே இறக்கிவிட்டு, வெறும் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேலே நடந்து வருவார்கள். தோல் போர்த்திய பெரிய கூடை இடுப்பு வரை மூடிவிடும். வெளியே தெரிவது இரண்டு கால்கள் மட்டும். உள்ளே இருக்கிறவருக்குத் தெரிவதும் தன் பாதமும் அதற்கு முன்னால் ஒரு முழ நிலமும்தான். பழகிய பாதையென்றால் கால்கள் தாமே போகும். புது இடமென்றால் கூட வருகிறவர் முன்னால் நடந்து குரல் கொடுக்க வேண்டும்.

நான் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது மாதப்பன் என்ற பரிசல்காரர் என்னைக் கடந்து போயிருக்கிறார். அன்று அவருக்கு மூன்று சவாரி. மூன்று தரம் போயிருக்கிறார். நானும் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

சேலத்தில் பிலிமைக் கழுவி ஓட்டிப் பார்த்தோம். அரசி தகப்பனை இழந்து அழுகிறாள். அவள் பின்னால் ஒரு பிரம்மாண்டமான கருப்புச் சட்டி, கீழே இரண்டு கால்களோடு, வலமிருந்து இடமாக அமைதியாக நடந்து போகிறது. அடுத்த காட்சியில் அவள் காதலைச் சொல்கிறாள். சட்டி போகிறது. சேனாதிபதி வாளை உருவிச் சபதம் செய்கிறான். சட்டி அவசரமே இல்லாமல் போகிறது.

முதலாளியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாருய்யா அது?" என்றார். மறுபடி எடுக்கப் பிலிம் கிடையாது. பாதையில் நின்றவன் யார் என்ற கேள்வி அடுத்த நொடியில் வந்துவிடும்.

"அஞ்சாம் பாகத்துல வருதுங்க முதலாளி" என்றேன்.

முதலாளி நாவலின் அட்டையைத் தாண்டியவர் அல்ல. டைரக்டர் இரண்டாம் பாகத்தோடு நிறுத்தியவர். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, ரொம்ப முக்கியமான பாத்திரம்" என்றார். கற்றவர்கள் சபையில் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

எனக்கு மிஞ்சிய பயம் சவுரியப்பன் ஒருவரே. எழுதியவருக்குத் தெரியாதா? முன்னோட்டக் காட்சியில் என்னை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் தரம் சட்டி போனபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் தரம் முன்னால் குனிந்தார். மூன்றாம் தரம் எழுந்தே நின்றுவிட்டார். விளக்குப் போட்டதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தம்பி, எட்டுப் பாகத்துலயும் நான் சொல்லத் தெரியாம சுத்திச் சுத்தி வந்ததை நீங்க ரெண்டு கால்ல காட்டிட்டீங்க. அஞ்சாம் பாகத்துல அது மறைவா இருக்குது. எனக்கே இன்னிக்கித்தான் புரியுது" என்றார். மறுநாளே ஒன்பதாம் பாகம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

படம் பென்னாகரம் டென்ட் கொட்டகைக்கு வந்தது. வத்தல்மலையிலிருந்து சாமை அறுப்பை முடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். அது பூமியைத் தாங்கும் ஆமை என்று மலைக்காரர்கள் சொன்னார்கள். அது அரசியின் துக்கமே உருவெடுத்து நடப்பது என்று ஒரு வாத்தியார் சொன்னார். மண்டிக்காரர் ஒருவர் அது யுத்தம் என்றார். ஏரியூர்ப் பெண்கள் 'கவுந்த சாமி' என்று பெயர் வைத்து, கொட்டகைக் கம்பத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் முழுகாமல் இருப்பதாகவும் சொல்கிறார்கள். சட்டி திரையில் நுழையும்போது மணல் தரையில் ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லாத துணிச்சல்காரன் என்று எனக்குப் பெயர் வந்தது. முதலாளி படத்தின் இரண்டாம் பாகத்துக்கும் கதை நான்தான் என்று அறிவித்தார். நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. அதை மறைக்கவில்லை.

அப்போதுதான் மாதப்பனின் சம்சாரம் தீர்த்தம்மாள் படம் பார்க்க வந்தார். அரசி அழும் கட்டத்தில் அவர் சிரித்துவிட்டார்.

"அய்யே, அது எங்க வூட்டுக்காரரு காலுங்க! பெருவெரலு கோணயா இருக்குது பாருங்க!"

சுற்றியிருந்தவர்கள் அவரை அதட்டி உட்கார வைத்தார்கள். சாமியின் காலைத் தன் புருஷன் கால் என்கிறாளே என்று ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் நம்பவில்லை. நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அவர் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிவிட்டார்.

மாதப்பன் என்னைத் தேடி வந்தபோது நாங்கள் இரண்டாம் பாகத்துக்காக உப்பரிகையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர். கோபமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம பரிசலு சினிமாவுல நடக்குதாமே, நெசமுங்களா? சனிக்கெழம கொட்டாயில விழா வைக்கிறீங்களாம். பரிசலைத் தலையில வச்சிக்கினு அப்பிடியே வந்து நிக்கறனுங்க. எல்லாரும் பாக்கட்டும். எம் பொண்டாட்டிய பொய்க்காரின்னுட்டாங்களாம், அது மனசு கஷ்டப்படுதுங்க."

சனிக்கிழமை ஐம்பதாவது நாள் விழா. முதலாளி, சவுரியப்பன், மலைக்காரர்கள், ஏரியூர்ப் பெண்கள், எல்லாரும் வருகிறார்கள். நான் முதலில் நல்ல விதமாகவே பேசினேன். கூட்டம் அதிகம், பரிசல் நுழையாது என்றேன். வெளியிலேயே நிற்கிறேன் என்றார். பாதி தூரத்தில் பஸ் கரி தீர்ந்து நின்றுவிடும் என்றேன். நடந்தே வருகிறேன் என்றார். அவர் வந்து பரிசலை இறக்கிவிட்டு, 'நான் சவாரி முடிச்சு வூட்டுக்குப் போய்க்கினு இருந்தனுங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆயிரம் பேருக்குச் சாமி போய்விடும். எழுபது வயதுக்காரர் ஒருவரின் ஒன்பதாம் பாகம் பாதியில் நின்றுவிடும். என்னைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. ஜனங்களைப் பற்றித்தான் யோசித்தேன்.

பரிசல்காரரை ஆற்றில் தள்ளிப் பயனில்லை. அவர் நீந்தி வந்து, ஏன் தள்ளினீர்கள் என்று மரியாதையாகக் கேட்பார். பாறைகளும் அவருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாத இடம் அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காமிராவுக்கு உப்பரிகை நீளமாகத் தெரிவதற்காக, பலகை முடிந்த இடத்திலிருந்து ஆறு அடி தூரத்துக்குப் பலகையைப் போலவே சாயம் தீட்டிய படுதாவை இழுத்துக் கட்டியிருந்தோம். கீழே அருவி விழும் பள்ளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், விழாவில் வைக்க ஒரு போட்டோ எடுக்க வேண்டும், பரிசலைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். போட்டோக்காரர் எதிரே காத்திருக்கிறார் என்றேன். அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பாறை வரை அவர் முன்னால் நடந்தார். பலகையில் ஏறியதும் நான் முன்னால் போனேன். கைப்பிடிக் கம்பத்தோடு ஒதுங்கி நின்று குரல் கொடுத்தேன்.

"நேரா வாங்க. கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம். அவ்வளவுதான். அப்படியே வாங்க."

"இன்னும் எத்தினி அடிங்க?"

"நாலு" என்றேன்.

மூன்று அடி பலகையில் வைத்தார். நாலாவதைப் படுதாவில் வைத்தார். நான் அவரைத் தொடவில்லை. பரிசல் நிமிர்ந்து விழுந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் மிதந்து போயிற்று. நல்ல வேலைப்பாடு.

விழா சிறப்பாக நடந்தது. சவுரியப்பன் ஒன்பதாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தை வாசித்தார்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகவேதான் வந்திருக்கிறேன். தங்கள் ஸ்டேஷன் அறிக்கையை ஏட்டு எனக்குப் படித்துக் காட்டினார். 'மேற்படி மாதப்பன் கால் தவறி விழுந்து இறந்தார்' என்று இருக்கிறது. அன்று தீர்த்தம்மாள் ஸ்டேஷன் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பொழுதுக்கும் அந்தப் பாறயில நடந்த காலுங்க. அது தவறுமாங்க? எந்தக் காலத்துல தவறிச்சு?" என்று கேட்டார். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்த அம்மாள் கேட்டது நியாயம். அவர் கால் தவறவில்லை.

அந்த ஒரு வரியைத் திருத்தினால் எனக்குப் போதும். 'கால் தவறி' என்பதை அடித்துவிட்டு, 'பச்சியப்பன் சொன்னபடி நடந்து' என்று போடுங்கள். பன்னிரண்டு வருஷமாகச் சினிமாவுக்கு எழுதுகிறேன். ராஜபார்ட்டுகள் என் வசனத்தில் பாதியை விழுங்குவார்கள். மீதியை டைரக்டர் மாற்றுவார். நான் சொன்னதை ஒரு சொல்லும் பிசகாமல், ஏன் என்றும் கேட்காமல் அப்படியே செய்து காட்டியவர் மாதப்பன் ஒருவர்தான், ஐயா.