தீக்குச்சிக்குத்தான் காசு

அந்தப் பலகையில இருந்து கையை எடு மொதல்ல. எடுன்னா எடு. நான் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்க மாட்டேன். என் தலைக்கு மேல கையை நீட்டி வால்வைத் திருகிடலாம்னு பாக்கறியா? கடிச்சு வச்சிருவேன், பாத்துக்க.

ஆமா, மீட்டர் மாட்டத்தான் வந்திருக்கே, தெரியுது. சட்டையில கேஸ் ஆபீஸுன்னு போட்டிருக்கே. மாட்டிக்க, நானா வேணாங்கறேன்? மேல போயி ஒவ்வொரு கதவாத் தட்டு. கேஸை நிறுத்தப் போறேன், அடுப்பை அணைங்கன்னு சொல்லு. அப்புறமா வந்து மூடு. அவ்வளவுதான் நான் கேக்கறது.

நான் யாருன்னா கேக்கறே? ஓகுல்நபாத். நாலாவது மாடி, நீலக் கதவு வீடு. போதுமா?

நாலு மாடி ஏறணுமாம்ல! ஏறு. கால் எதுக்கு இருக்கு, பெடலை மிதிக்க மட்டுமா? புதுசா வர்றேன், இந்தக் கட்டடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வாசல்லயே சொன்னேல்ல. அதான் எடுத்துச் சொல்றேன். கேட்டுக்க.

பட்டப்பகல்ல எவ வீட்டுல அடுப்பு எரியப்போகுதுங்கறியா? ஏம்ப்பா, நீ துர்க்மேன்காரன்தானே? உங்கம்மா என்னைக்காவது அடுப்பை அணைச்சு நீ பாத்திருக்கியா? கவர்மெண்டுல கேஸ் சும்மா வந்துச்சு, உப்பு சும்மா குடுத்தாங்க. தீக்குச்சிக்குத்தான் காசு. காசு குடுத்து வாங்கின குச்சியை எந்தக் கிறுக்கி வேளைக்கு ஒண்ணு கிழிப்பா? நான் கல்யாணமாகி வந்தப்போ மாமியார் வீட்டு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் மூத்தவன் பொறந்து, வளந்து, ராணுவத்துக்குப் போற வரைக்கும் அது எரிஞ்சுது. எப்பவாச்சும் அணைஞ்சாக்கூட பக்கத்து வீட்டுக்குப் பேப்பரைச் சுருட்டிக்கிட்டு ஓடுவேன், பத்த வச்சுக்கிட்டு வர.

குளிர் வந்தா நாலு பர்னரையும் ஏத்திவிடுவோம். வேர்த்துப் போச்சுன்னா ஜன்னலைத் தொறந்து வைப்போம். அணைக்க மட்டும் மாட்டோம். துவைச்ச துணியும் அடுப்புக்கு மேலதான் காயும்.

இப்பக் காசு கட்டணும், எல்லாம் மாறிடும்ங்கறே. எங்க மாறுது? மூணாவது மாடி ஜெமால் இன்னைக்குக் காலையில இருந்து நாலையும் ஏத்திவிட்டிருக்கா. மீட்டர் மாட்டற வரைக்கும் எரியட்டும்கறா, பேராசை புடிச்சவ.

சிரிக்காத. சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

இப்ப நீ பாட்டுக்கு இங்க மூடினா, மேல அத்தனை அடுப்பும் அணைஞ்சு போகும். உள்ரூம்ல இருக்கறவளுக்கு அது தெரியாது. நீ வேலையை முடிச்சுட்டுத் தொறந்துவிட்டுட்டுப் போயிடுவே. கேஸ் வரும், தீ வராது. இதைப் படிச்சுத்தானே உனக்கு இந்தச் சட்டையைக் குடுத்தாங்க?

மூணு குளிர்காலத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒருத்தன் பைப்பு ஒழுகுதுன்னு வந்தான். ஒரு கதவைக்கூடத் தட்டல. மூடினான், ஒட்டினான், தொறந்தான், போயிட்டான். முழிச்சிருந்தவங்க வாடை அடிச்சதும் பதறிப்போய்த் திருகை மூடிக்கிட்டாங்க. என் வீட்டுக்காரர் ஹொம்மாத் முழிச்சிருக்கல. பருத்தி மில்லுல ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வந்து, கதகதப்பா இருக்கும்னு அடுப்படியிலயே கம்பளத்தை விரிச்சுப் படுத்திருந்தாரு. மணல்காத்து அடிச்சதால ஜன்னலைச் சாத்திக்கிட்டாரு. நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். வந்து பாத்தப்போ மனுசன் போயிட்டாரு. என் கையில இருந்த ரொட்டி இன்னும் சுட்டுக்கிட்டு இருந்துச்சு.

ஆபீஸுல என்ன சொன்னாங்க தெரியுமா? அடுப்பை அணைக்காதது உங்க தப்பு, அம்மா. வந்த ஆளு யாருன்னு கேட்டேன். அதெல்லாம் சொல்ல மாட்டோம்னு தொரத்திவிட்டாங்க. அன்னையில இருந்து இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருக்கேன். பைத்தியக்காரிங்கறாங்க, சொல்லிட்டுப் போகட்டும்.

அய்யோ பாவமா? வேணாம்ப்பா. உன் வாயால எனக்கு அது வேணவே வேணாம்.

ஏன், தண்ணி வேணுமா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு.

இந்த வால்வு எங்க இருக்குன்னு பாரு. படிக்கட்டுக்கு அடியில, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால. பலகைக்கும் சுவத்துக்கும் ஒரே பச்சைப் பெயிண்டு. உங்க ஆபீஸுல இருந்து எவன் வந்தாலும், வால்வு எங்கம்மா இருக்குன்னு என்னைத்தான் கேப்பான். நீ கேக்கல. இந்தக் கட்டடமே தெரியாதுன்னவன், நேரா வந்து மூட்டையைத் தள்ளிட்டுப் பலகையில கையை வச்சே.

உக்காராத. எந்திரி. அந்த ஸ்பேனரை இங்க குடு, நான் வச்சிருக்கேன். நீ முன்னாடி ஏறு, நான் பின்னாலயே மெதுவா வர்றேன்.

எல்லாக் கதவையும் தட்டணும். நீலக் கதவையும்தான். உள்ள யாரும் இல்ல, தொறக்க மாட்டாங்க. இருந்தாலும் தட்டு. நல்லாச் சத்தமாத் தட்டு, தூங்கற மனுசனுக்குக் கேக்கற மாதிரி.