ஊறிக் கிடந்த கொள்ளு

“படுக்க விடுடா! வாயில்லாப் பிராணிய ஏன்டா இந்தப் பாடு படுத்துறே?”

“படுத்தா உருளுங்கய்யா! உருண்டா கொடல் முறுக்கிக்கும். ரத்தினபுரிக்கு ஆளனுப்பி டாக்டர வரச் சொல்லுங்க!”

கத்தியது கணக்கப்பிள்ளை நாகலிங்கம். கெஞ்சியது துரையின் குதிரைக்காரன் அழகமுத்து, குதிரையைக் கயிறு பிடித்து நடத்தியபடி. கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் மலை சுற்றிய காலம். மாலை ஆறரை... மழை. என் சிநேகிதி றமீலாவின் பெரியவாப்பா, கடைக்கார ரஸாக் நானா, கொள்ளு மூட்டை இறக்கப் போனவர், லாய வாசலிலேயே நின்றுவிட்டார். சண்டையைப் பாதியில் விட்டு வர மனசு வருமா?

துரை கொழும்பில். குதிரைக்கு வேர்த்து ஊற்றுகிறது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டுகிறது... திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. குட்டியிலிருந்து வளர்த்த அழகமுத்து அதன் விலாவில் காதை வைத்தான். குடல் ஓடும் சத்தமே இல்லை. தீனித் தொட்டியில் கைவிட்டான். காய்ந்த கொள்ளு.

“ஐயா... நான் லயத்து வீட்டுக்குப் போன நேரம், ஊறப்போடாம யாரு வச்சது?”

நாகலிங்கத்தின் முகம் போன போக்கை நானா நடித்தே காட்டுவார். கணக்கப்பிள்ளை போய்க் குதிரைக்காரனிடம் கேட்டா தீனி வைப்பது? கௌரவம் என்னாவது! டாக்டர் வந்தால் குட்டு உடையும். கயிற்றைப் பிடுங்கினார். குதிரை படுத்தது... உருண்டது... அலறியது. விடியுமுன் அடங்கிவிட்டது.

பழி அழகமுத்து தலையில். தோட்டத்தில் அவன் பேரை வெட்டி, வேலையை விட்டு நிறுத்தினார்கள். நானா வாய் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை அவர் கடைக்கு வாடிக்கை பாருங்கள்.

அழகமுத்து போகவில்லை. வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் லாயத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். “நிக்காதே தாயி... இன்னும் கொஞ்சம்...” பத்தாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த மாசம், ஓப்பநாயக்க ரோட்டில் நானா தனியாக வருகிறார். பின்னால்... டக்... டக்... மெதுவான குளம்புச் சத்தம். நனைந்த குதிரையின் வாடை. பக்கத்திலேயே, சேற்றில் வெறுங்கால் நடை. திரும்பினார். யாருமில்லை. சத்தம் மட்டும் அவரைத் தாண்டிப் போனது. “இன்னும் கொஞ்சம் தாயி...”

நாகலிங்கம் வேலையை விட்டு அரநாயக்கவுக்குக் குடிபோனார். மகள் தங்கம்மாவை அங்கேயே கட்டிக்கொடுத்தார். ரசம் வைக்க அவள் வாங்கி வைக்கும் கொள்ளு, இரவில் காய்ந்துதான் இருக்குமாம். மூடியும் அப்படியே இருக்கும்...

காலையில் திறந்தால், யாரோ பதமாக ஊறப்போட்டிருப்பார்களாம்.