துரையின் மார்பளவு

கிராணி: மூச்ச இழுத்துப் பிடிக்கல நானா. என் வயிறே இவ்வளவுதான்.

யஹ்யா: அப்ப ஏதாச்சும் பேசுங்க பாப்பம்.

கிராணி: ம்... ம்ம்...

யஹ்யா: பேசுங்க கிராணியார்! பேசினா வயிறு வெளிய வந்துரும்னு பயமா?

கிராணி: எனக்கா பயம்? எல்கடுவ தேயிலைத் தோட்டத்து ஆபீஸையே நடத்துற பெரிய கிராணி இராசமாணிக்கம்னா... ஹா... ஹப்பாடா.

யஹ்யா: வந்துருச்சு. நாப்பத்திரண்டு.

கிராணி: அத எழுதாதீங்க!

யஹ்யா: இது துணியில்ல, தோலு. துணின்னா பிரிச்சு விடலாம். தோல்ல ஊசி போன ஓட்ட, ஓட்டதான். அளவுல பொய் செல்லாதீங்க, கோட்டு உங்களக் காட்டிக் குடுத்துரும்.

கிராணி: காட்டிக் குடுக்குமா? யாராச்சும் வந்து ஏதாச்சும் சொன்னாங்களா?

யஹ்யா: யா அல்லா... நான் வயித்தப் பத்திச் செல்றேன். ஏன் ரோட்டயே பாக்குறீங்க? கைய நீட்டுங்க. இருபத்திரண்டு அங்குலம்.

கிராணி: கைக்கு இருபத்தாறு போடுங்க.

யஹ்யா: கை இனிமேலா வளரப் போகுது?

கிராணி: நெஞ்சுக்கு நாப்பத்தெட்டு. உயரத்துலயும் தாராளமா கூட்டிக்கங்க.

யஹ்யா: வயித்த எழுதவே வேணாம், நெஞ்ச மட்டும் ஏத்துன்னு செல்றீங்க. இது உங்களுக்கா, தேர்ல செதுக்கின பொம்மைக்கா?

மஸீனா: அது வேற ஆளுக்கு. தனக்குத் தைக்கிறவர் கண்ணாடியப் பாப்பார். இவர் வந்ததுலேருந்து வாசலத்தான் பாக்குறார்.

யஹ்யா: மஸீனா, திரைக்குப் பின்னாலேருந்து பேசாதன்னு எத்தன தரம் செல்லி ஈக்கேன்!

மஸீனா: முன்னால வந்தா மட்டும் பேச விட்டுருவீங்களா?

கிராணி: உங்க சம்சாரம் சொல்றது சரிதான். மச்சானுக்கு. தம்புள்ளையில இருக்காரு.

யஹ்யா: அப்ப மச்சானக் கூட்டிட்டு வாங்க.

கிராணி: முடியாதே. அவரு வெள்ளிக்கிழமைதான் நுவரெலியாவுலேருந்து...

மஸீனா: தம்புள்ள மச்சான் நுவரெலியாவுலேருந்து வாறாராம்!

யஹ்யா: நுவரெலியாவுல உங்க தோட்டத்துத் துரையில்லையா ஈக்கிறார்?

கிராணி: கடைக் கதவச் சாத்துங்க நானா.

யஹ்யா: பகல்ல கடையச் சாத்தினா யாரோ மவுத்தாப் போன சாவு வீடுன்னு சனம் கூடிரும். செல்லுங்க.

கிராணி: அந்தச் சாக்க அவிழ்த்துப் பாருங்க.

யஹ்யா: என்ன இது... கருவாடா?

கிராணி: துரையோட கோட்டு. மோட்டார் சைக்கிள்ல போகும்போது போடுவாரே, அந்தத் தோல் கோட்டு.

யஹ்யா: இதா! இது தொட்டில் புள்ளைக்குக்கூட...

கிராணி: துரை அந்தப் பக்கம் போனதும் பங்களாவுலேருந்து எடுத்தேன். ஒரே ஒரு போட்டோவுக்குத்தான். ஊர்ல மாமனார் என்னை இன்னும் கணக்குப் பார்க்கிற பையன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்காரு. போட்டோ பிடிச்சிட்டு மலை ஏறுறப்ப மழை. சொட்டச் சொட்ட நனைஞ்சிருச்சு. விடியறதுக்குள்ள காஞ்சிரணும்னு ஃபேக்டரியில தேயிலை காயவைக்கிற மெஷின் மேல விரிச்சேன்.

யஹ்யா: ஈரத் தோல அடுப்புச் சூட்டுல வச்சீங்களா? கொழுந்தோட சேத்து கோட்டையும் வறுத்துட்டீங்க!

கிராணி: சிரிக்காதீங்க நானா. துரை இதப் பாத்தாருன்னா அன்னிக்கே என் பெட்டி படுக்கையெல்லாம் தோட்டம் குடுத்த கோட்டர்ஸ் வீட்டு வாசல்ல கெடக்கும். நாலு பொம்பளப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? இதுல, ஃபேக்டரிய நடத்துற டீமேக்கர் நடராஜா வேற பாத்துட்டான். 'துரை வரட்டும், சொல்றேன்'னு தெனம் ஒரு வேலை வாங்குறான். நேத்து அவன் கோழிக்கூட்டுக்குத் தகரம் அடிச்சேன். நானு! பெரிய கிராணி!

மஸீனா: யாரு... நடராஜாவா? டீமேக்கரா? ஹிஹி... உம்மா...

யஹ்யா: மஸீனா, வாயப் பொத்து!

கிராணி: ஏன் சிரிக்கிறாங்க?

யஹ்யா: அவளுக்குக் கோழிக்கூடுன்னா சிரிப்பு வரும். நீங்க துரையோட அளவச் செல்லுங்க. சரியாச் செல்லுங்க.

கிராணி: 'துரைமார் தையலகம்'னு வெளிய பலகை மாட்டியிருக்கீங்களே. எங்க துரைய நீங்க அளந்ததில்லையா?

யஹ்யா: சேணத்துக்கு ஒருக்கா அளவெடுத்தேன்.

கிராணி: துரைக்கா?

யஹ்யா: குதிரைக்கு. பேச்ச மாத்தாதீங்க. நெஞ்சு நாப்பத்தெட்டுன்னு எதை வச்சுச் செல்றீங்க?

கிராணி: பாத்தாத் தெரியாதா?

யஹ்யா: பாத்தீங்களா?

கிராணி: அவரு வந்தா தொப்பியக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிப்போம். நிமிந்து பாக்குறது எங்க தோட்டத்துல மரியாதையில்ல.

யஹ்யா: அப்ப இத்தன வருசமா எதத்தான் பாத்தீங்க?

கிராணி: பூட்ஸ. அதக் கேளுங்க, சொல்றேன். எட்டாம் நம்பரு. இடது பூட்ஸ்ல கடைசி ஓட்டைக்குக் கயிறு போட மாட்டாரு. வலது முழங்கால்ல ஒரு தழும்பு இருக்கு, வேப்பெலை மாதிரி.

யஹ்யா: முழங்காலுக்கு நான் கோட்டுத் தைக்கிறதில்ல. மேல வாங்க.

கிராணி: மேல... பெல்ட்டு.

யஹ்யா: அதுக்கு மேல?

கிராணி: சத்தம் வரும்.

யஹ்யா: சரி... உயரம்?

கிராணி: காலைல பெரட்டுக் களத்துல ஆள் எண்ணுறப்ப அவரு நிழல் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் விழும்.

யஹ்யா: விடிய ஆறு மணிக்கு நடராஜாவோட கோழி நிழலும் மடுவம் வரைக்கும்தான் விழும்!

கிராணி: கை நீளம் நிச்சயமாத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு ஏசுறப்ப விரல் நகம் என் மூக்குல முட்டும்.

யஹ்யா: அவ்வளவு பெரிய மேசையா... அவர் இந்தப் பக்கம் குனிஞ்சிருப்பார்.

கிராணி: துரையா? குனிவாரா?

யஹ்யா: சரி, அந்தக் கோட்ட நீங்க போட்டீங்களே. எப்பிடி ஈந்திச்சு?

கிராணி: எனக்கே தொளதொளன்னு இருந்துச்சு நானா. என் உடம்புக்கே! அப்ப துரை நெஞ்சு எப்பிடிப்பட்ட நெஞ்சா இருக்கணும்? ஆனா பாவம், இப்ப அவரு முன்ன மாதிரி இல்ல.

யஹ்யா: ஏன்?

கிராணி: உடம்பு இளைச்சுக்கிட்டே வருது. போன வருசம் ஒருநாள் கோட்டப் போட்டதும் மொகம் வெளுத்துப் போச்சாம். சட்டிக்குள்ள கரண்டி ஆடுற மாதிரி கோட்டுக்குள்ள ஆள் ஆடுறாராம். டாக்டரு என்ன சீக்குன்னு கண்டுபிடிக்க முடியாம, முட்டையும் பாலும் குளிர்க்காத்தும்னு நுவரெலியாவுக்கு அனுப்பிட்டாரு.

மஸீனா: உம்மாடீ... வயித்த வலிக்குது...

யஹ்யா: மஸீனா!

கிராணி: மனுசன் சாகக் கெடக்குறாரு, இவங்க சிரிக்கிறாங்களே!

யஹ்யா: சாக மாட்டார். நாப்பத்தெட்டு தொங்குதுன்னா... நாப்பது போதும். எழுதிட்டேன்.

கிராணி: நாப்பதா! எனக்கே நாப்பத்திநாலு! துரை நெஞ்சு என் நெஞ்சவிடச் சின்னதா? வேணாம் நானா, அது மரியாதையில்ல. நாப்பத்தாறாவது போடுங்க.

யஹ்யா: கேளுங்க. வெள்ளிக்கிழம துரை வாறார். கோட்டப் போடுறார். கச்சிதமா இறுக்கிப் பிடிக்குது. கண்ணாடி முன்னால நின்னு என்ன நெனைப்பார்?

கிராணி: கோட்டு மாறிப் போச்சுன்னு...

யஹ்யா: உடம்பு தேறிருச்சுன்னு! சந்தோசத்துல உங்கள உத்துக்கூடப் பாக்க மாட்டார்.

கிராணி: ...அப்பிடியும் நடக்குமோ? ஆனா புதுத் தோல்னு தெரிஞ்சிருமே?

யஹ்யா: தேங்கா எண்ணெயும் தேயிலச் சாயமும் பூசி, ஆட்டுக்குட்டிக்குப் படுக்கப் போட்டா ரெண்டே நாள்ல பழசாயிரும். போன தரமும் அப்பிடித்தான்...

கிராணி: போன தரமா?

யஹ்யா: வேற ஆளுக்கு. வேற கோட்டு.

கிராணி: உள்பக்கத்துல கொழும்புக் கடைப் பேரு தச்ச துணி இருக்குமாமே. பங்களாவுல வேலை பாக்குற அப்பு பெருமையாச் சொல்லுவான். இதுல காணோமே... அதுவும் சுருங்கிருச்சா?

யஹ்யா: சுருங்கி... ஈக்கும்.

கிராணி: நானா, என் கண்ணப் பாருங்க. சாக்க அவிழ்த்ததுலேருந்து அந்தத் தையலையே தடவிக்கிட்டு இருக்கீங்க. இது யாரு தச்சது?

யஹ்யா: கேக்காதீங்க கிராணியார். இந்த வாயால செல்ல மாட்டேன்னு ஒருத்தருக்கு வல்லாஹி சத்தியம் பண்ணிக் குடுத்திட்டேன்.

கிராணி: யாருக்கு?

மஸீனா: சத்தியம் பண்ணினது அவர் வாய்தானே, என் வாயில்லையே! கிராணியார், நீங்க வறுத்தது துரையோட கோட்டே இல்ல. துரையோட கோட்டப் போட்டுக்கிட்டு சுதுகங்கைக்குப் போய், கரையில கழட்டி வச்சிட்டுக் குளிச்சு, அத வெள்ளத்துக்குக் குடுத்துட்டு, போன வருசம் இதே இடத்துல நின்னு அழுதவர் ஒருத்தர் ஈக்கிறார். 'துரைக்கு நெஞ்சு நாப்பத்தெட்டு'ன்னு அவரும் உங்களப் போலவே அளவு செல்லி இதத் தச்சுட்டுப் போனார். போய் அந்த டீமேக்கர் நடராஜாகிட்ட செல்லுங்க, நேத்து அடிச்ச தகரத்த அவர் கையாலயே புடுங்கச் செல்லி!