குழாய்ச் சுவரில் தங்கிய மருந்து

செல்லுக்கும் செல்லுக்கும் இடையே செல்லும் சேதிக்குச் செவிசாய்த்த செம்மலே! மூளையின் மோனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மூழ்கியும் மூச்சுத் திணறாத முதுநிலை ஆய்வாளரே! துளித் துளியாய்த் திரவம் அளந்து, துல்லியமே துணையெனத் தொண்டாற்றிய தூயவரே! கருவி காட்டிய எண்ணைக் காட்டியபடியே எழுதிய கைக்குச் சொந்தக்காரரே! கண்ணாடி அக்கா என்று நாங்கள் கனிவோடு அழைக்கும்போதெல்லாம், கனவின் கரையிலிருந்து திரும்பிப் பார்ப்பவர்போல் "ம்?" என்று கேட்பவரே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் பணிவார்ந்த வணக்கம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு முதலில் நம் பிரிவின் தட்டச்சரிடம்தான் இருந்தது. மூன்று பக்கம் எழுதிய பிறகு, "பெரிய பெரிய வார்த்தையா வருது சார், அக்கா மட்டும் வரவே மாட்டேங்கிறாங்க" என்று தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேலே உள்ள மோனையெல்லாம் அவருடையது. இனி வருவது, பண்டகக் காப்பாளனாகிய என்னுடையது. பிழை இருந்தால் பொறுத்தருள்க.

அக்கா, உங்களை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்த நான்கு நிமிடங்கள். எலி மூளையிலிருந்து பிரித்த நரம்பு நுனிகளைக் குழாயிலிட்டு, வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி, நான்கு நிமிடம் காத்திருப்பீர்கள். குளிர்பெட்டிகளின் ரீங்காரம் ஒன்றே கேட்கும். மேற்கு ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து உங்கள் கையுறைமேல் ஏறும். கண்ணை மூடி நிற்பீர்கள். தூங்கிவிட்டீர்களோ என்று ஒருமுறை பயந்து அருகில் வந்தேன். கண்ணைத் திறக்காமலேயே, "இன்னும் நாப்பது வினாடி இருக்கு, ஸ்டோர் சார்" என்றீர்கள். கடிகாரமும் அதையேதான் சொன்னது.

இப்படி நின்று என்னதான் செய்கிறீர்கள் என்று அன்று கேட்டேன். படிக்காதவன் கேட்கிறான் என்று தள்ளிவிடாமல், ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சொன்னீர்கள். "ரெண்டு செல்லுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு. ஒரு செல்லு அங்க செரோடோனினை விடும், எதிர்ல இருக்கிறது வாங்கிக்கும். வேலை முடிஞ்சதும், விட்ட செல்லே அதைத் திரும்ப உள்ள இழுத்துக்கும். இழுக்கிற புரதத்துக்குப் பேருதான் கடத்தி. மன அழுத்தத்துக்குக் குடுக்கிற பல மாத்திரைங்க அந்தக் கடத்தியைத்தான் அடைக்குது. எவ்வளவு அடைக்குதுன்னு பாக்கிறேன்."

"கஞ்சா சமாச்சாரமும் ஆராய்ச்சி பண்றீங்கன்னு சொல்றாங்களே?"

சிரித்தீர்கள். "அது மாதிரி ஒண்ணை மூளையே தனக்குன்னு செஞ்சுக்குது. வாங்குற செல்லு அதைச் செஞ்சு பின்பக்கமா அனுப்பும், 'போதும், கொஞ்சம் மெதுவா'ன்னு. பேசுற ஆளோட கையை, கேக்குற ஆளு லேசா தொடுற மாதிரி."

அன்று மாலை வீட்டில் என் மனைவி பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தொடுதலை நானும் முயன்று பார்த்தேன். பலிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உங்கள் அறைக்குக் குழாய்ப் பெட்டி தூக்கி வரும்போதெல்லாம், ஏதோ சத்தமில்லாத ஊருக்குள் நுழைவதுபோல் மெதுவாகவே நடந்தேன்.

இனி, ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மூன்று நாட்களைச் சொல்ல வேண்டும். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் முழுதாகச் சொன்னதில்லை.

மூளை செய்துகொள்ளும் அந்தப் பொருளைப்போலவே நடந்துகொள்ளும் புதிய மருந்து ஒன்று அப்போது வந்திருந்தது. வழக்கமான மாத்திரை மட்டும் போதாத நோயாளிகளுக்கு, அதோடு சேர்த்து இதையும் கொடுத்துப் பார்க்க மருத்துவமனை ஏற்பாடு செய்தது. புதிய மருந்தும் தன் பங்குக்குக் கடத்தியை அடைக்குமா என்று பார்ப்பது நம் வேலை. இரண்டும் சேர்ந்து அடைத்துவிட்டால் செரோடோனின் தேங்கிவிடும். நடுக்கம், காய்ச்சல், உயிருக்கே ஆபத்து. ஓராண்டு அளந்தீர்கள். அதிக அளவில் போட்டால்தான் கடத்தி சற்றே தளர்கிறது, பயமில்லை என்று எண்கள் சொன்னன. அந்த அட்டவணையை நம்பியே மருத்துவமனையில் தொடக்க அளவை முடிவு செய்தார்கள். முதல் பத்து நோயாளிகளுக்கு வியாழக்கிழமை காலை என்று நாளும் குறித்தார்கள்.

மருத்துவமனை தேர்ந்தெடுத்த அந்தப் பத்துப் பேரில் உங்கள் தம்பியும் ஒருவர். வீட்டு வரைபடம் வரைபவர், இரண்டு வருடமாகப் பென்சிலைத் தொடாதவர். எந்த மாத்திரைக்கும் மசியாத இருட்டு அவருடையது. அந்த வியாழக்கிழமைக்காக அவர் எப்படிக் காத்திருந்தார் என்று உங்கள் முகத்தைப் பார்த்தே எங்களுக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நெகிழிக் குழாய்கள் தீர்ந்துபோயின. புதுப்பெட்டி வரத் தாமதம். கடைசி அளவீடு ஒன்று பாக்கி என்றீர்கள். கீழ் அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக் கொடுத்தேன். மத்தியானம் நான் வந்தபோது, தாளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றீர்கள். அதே மருந்து, அதே அளவு. ஆனால் கடத்தி ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

குழாய் அழுக்கு என்றார் பிரிவுத் தலைவர். நீங்கள் கழுவி, மறுபடி செய்தீர்கள். அதே எண். பிறகு யாரும் நினைக்காததைச் செய்தீர்கள். குப்பைக் கூடையிலிருந்து காலி நெகிழிக் குழாய்களை எடுத்து, ஆல்கஹாலால் அலசி, அந்த அலசலைச் சோதித்தீர்கள். மருந்து அங்கே இருந்தது. எண்ணெய்ப்பசை கொண்ட அந்த மருந்து, பத்தில் ஒன்பது பங்கு நெகிழிச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, ஒரு பங்குதான் நரம்பு நுனிக்குப் போயிருக்கிறது. ஆக, நாம் சொன்னதைவிடப் பத்து மடங்கு வீரியமான மருந்தைத்தான் மனிதர்கள் விழுங்கவிருந்தார்கள்.

"ஒரு நாள் ரீடிங்கை வச்சு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னா நம்மளை யாரு நம்புவாங்க?" என்றார் தலைவர். "ஒரு வாரம் பொறுங்க. திரும்பச் செஞ்சு பாத்துட்டுச் சொல்லலாம்."

"நம்பாமப் போகட்டும் சார். வியாழக்கிழமை அந்த மருந்தை யாரும் முழுங்கக் கூடாது" என்றீர்கள். முப்பத்து நான்கு ஆண்டில் உங்கள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். உயர்ந்தது என்றால், பக்கத்து அறைக்குக் கேட்கும் அளவுக்கு; அவ்வளவே.

பிறகு என் மேசைக்கு வந்து, என் தொலைபேசியில் மருத்துவமனை டாக்டரை அழைத்தீர்கள். "டாக்டர், நாங்க குடுத்த எண் தப்பு" என்று தொடங்கினீர்கள். சுற்றி வளைக்கவில்லை. "எழுத்துல தருவீங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. "ஒரு மணி நேரத்துல" என்றீர்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார்; அலசல் எண்களை இரண்டு முறை படித்தார்; உங்கள் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்திட்டார். அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.

நெகிழிக் குழாய்களை வாங்கியது நான். கண்ணாடி உடைந்து, கழுவுகிற அம்மாவின் விரல் இரண்டு முறை கிழிந்ததால், யாரையும் கேட்காமல் மாற்றினேன். நல்லதென்றுதான் செய்தேன். அறிக்கையில் என் பெயரைப் போடுங்கள் என்று உங்கள் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் நிமிரவில்லை. "மருந்து ஒட்டுமான்னு சோதிக்க வேண்டியது என் வேலை. வாங்குறது உங்க வேலை. என் வேலையில விட்டுப்போன இடத்துல உங்க பேரை எப்படி எழுதுறது?" என்றீர்கள். அறிக்கையில் இருப்பது "நான் சோதிக்கத் தவறினேன்" என்ற வரி. இந்த ஆறு ஆண்டுகளில் நான் மனப்பாடமாக அறிந்த ஒரே ஆராய்ச்சி வாக்கியம் அது.

புதன்கிழமை உங்கள் தம்பி இங்கேயே வந்துவிட்டார். நடைக்கூடத்தில், எல்லோர் முன்னிலும். "உனக்கு உன் குழாய்தான் முக்கியம். எத்தனை நாளா இந்த வியாழக்கிழமையை எண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

"தெரியும்டா" என்றீர்கள். அவர் போனார். நீங்கள் உள்ளே வந்து வெந்நீர்த் தொட்டியருகே நின்றீர்கள். தொட்டியில் குழாய் எதுவும் இல்லை. அப்படியும் கண்ணை மூடி நான்கு நிமிடம் நின்றீர்கள்.

பதினான்கு மாதங்கள். அவர் உங்களோடு பேசவில்லை. நீங்கள் ஓராண்டு வேலையைக் கண்ணாடிக் குழாய்களில் முதலிலிருந்து செய்தீர்கள். எங்கள் வாயில் கண்ணாடி அக்கா ஆனது அப்போதுதான். மூக்குக் கண்ணாடியால் வந்த பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பத்தில் ஒரு பங்கு அளவோடு சோதனை மீண்டும் தொடங்கியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை. யாருக்கு எதுவென்று கொடுப்பவருக்கும் தெரியாது. உங்கள் தம்பி மீண்டும் பெயர் கொடுத்திருந்தார். உங்களிடம் சொல்லவில்லை; மருத்துவமனை டாக்டர் வழியாகத்தான் நமக்குத் தெரிந்தது.

ஏழாவது வாரம் பண்டக அறைத் தொலைபேசி ஒலித்தது. "அக்காகிட்ட சொல்லிடுங்க, சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி. நான் சமைக்கிறேன்" என்றது ஒரு குரல். ஓடிவந்து சொன்னேன். கையிலிருந்த துளிக்குழாயை நீங்கள் கீழே வைக்க வெகுநேரம் ஆனது. "மருந்து வேலை செஞ்சிருச்சுக்கா!" என்றேன். "தெரியாது, ஸ்டோர் சார். சர்க்கரையாவும் இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றினீர்கள். குழாய் வரிசையைப் பாதியில் விட்டு நீங்கள் வீட்டுக்குப் போனது அன்று ஒருநாள்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், யாருக்கு எது கொடுத்தார்கள் என்ற ரகசியக் குறியீட்டை உடைத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் பத்துக்கு நால்வர் தேறியிருந்தார்கள், ஒருவருக்கும் ஆபத்தில்லை. உங்கள் தம்பிக்குக் கொடுத்தது சர்க்கரை மாத்திரை. நீங்களே அவரிடம் போய்ச் சொன்னீர்கள். அந்தப் பேச்சை இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர்தான் நேற்று எனக்குச் சொன்னார்; மடலில் சேர்க்க அனுமதியும் தந்தார்.

"அப்ப என்னைச் சரியாக்கினது எது?" என்று கேட்டாராம்.

"அது அடுத்த ஆராய்ச்சிடா. அதுக்கு எனக்கு சர்வீஸ் பத்தாது" என்றீர்களாம்.

அக்கா! முழு உடல்நலத்தோடு நூறாண்டு நீங்கள் இருக்க வேண்டும். கண்ணை மூடி நிற்கும் நிமிடங்களுக்கு இனிக் கடிகாரம் வேண்டாம். மேற்கு ஜன்னல் வெயில் எந்த வீட்டில் விழுந்தாலும் உங்கள் கைமேல் இதமாக ஏறட்டும். அந்த வியாழக்கிழமை எதையும் விழுங்காமல் வீடு திரும்பிய பத்துப் பேரில் ஒருவர் இதோ முன்வரிசையில்; மற்ற ஒன்பது பேர் இன்றும் எங்கோ நடமாடுகிறார்கள். நான் வாங்கிய குழாய்களால் வரவிருந்த ஆபத்திலிருந்து தப்பியதை அவர்கள் அறியார்கள். அவர்கள் சார்பிலும் ஒரு வணக்கம்.

நீங்காத அன்புடன்,
மூளை மருந்தியல் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்

எழுதியவன்: பண்டகக் காப்பாளன், நெகிழிக் குழாய்களை வாங்கியவன்