ஒரு கேஜுக்கு ஒரு பெல்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஒட்டுக்கேட்டது தப்புதான். ஆனால் அந்தப் பெண் சொன்னதைக் கேட்ட பிறகு செய்தித்தாளில் மனம் செல்லவில்லை.

"நீங்க போட்ட ஆன்டிவைரஸ் என்னுத வைரஸுன்னுது. என்னுது உங்களுத வைரஸுன்னுது."

"ரெண்டு காவல் இருந்தா நல்லதுதானே?"

"இன்னா நல்லது? கம்ப்யூட்டர் நவுர மாட்டேன்னுது. நேரத்துக்கு அனுப்பலன்னா என் டைப்பிங் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எங்கப்பா சுரங்கத்துல ஆளுங்கள ஏத்தி எறக்கற கேஜுக்கு பெல் அடிச்சவரு. ரெண்டு பேரு பெல் அடிச்சா கேஜ் மேல போவுமா, கீழ போவுமா?"

"சரி, உன்னுத எடுத்துடு."

என் வீட்டில் நானும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"இன்னாத்துக்கு என்னுத? கண்ட சைட்ல படம் எறக்கி வைரஸ வூட்டுக்குக் கூட்டியாந்தது யாரு, நானா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் வூட்ல பேசிக்கலாம்."

"பேச இன்னா கீது? உங்களுத காலையிலயே எடுத்துட்டேன். வேலையும் அனுப்பிட்டேன். இனிமே பெல்லு என் கையில."