கவிழ்க்காத கிண்ணம்

தான் குடித்த கிண்ணத்தைக் கழுவாமல் விட்டுப் போகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது. மற்றபடி இந்த அலுவலகத்தில் யார் மீதும் எனக்கு விரோதம் இருந்ததில்லை. நாரின் நகரில் உள்ள எங்கள் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அனார்குல் அக்கா எப்படிப்பட்டவள் என்று.

கோப்பு அறை என் வேலை. சமையலறை என் பொறுப்பு. அதை யாரும் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களில் தானாக வந்து சேர்ந்தது. சுவரில் நான் எழுதி ஒட்டியிருப்பதை நீங்களே படித்திருப்பீர்கள். ரொட்டியைக் குப்புற வைக்கக் கூடாது. அடுத்தவர் டப்பாவைத் திறக்கக் கூடாது. பெயர் எழுதாத பாத்திரம் வெள்ளிக்கிழமைக்கு மேல் ஃபிரிட்ஜில் இருக்காது. டீ விஷயத்தை நான் எழுதி ஒட்டவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும். ஊற்றுகிறவள் பாதிக் கிண்ணம் ஊற்றுவாள். காலியானால் மறுபடி ஊற்றுவாள். போதும் என்றால் குடிப்பவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்க்காதவருக்கு ஊற்றாமல் இருப்பது மரியாதை இல்லை.

வாலேரி ஹெகாயைத் தலைமை அலுவலகம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அனுப்பியது. கொரிய வம்சாவளிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆறு வாரம் எங்களோடு இருந்து ஆய்வு செய்வார் என்றார்கள். அது முடிந்ததும் மூன்று பேருக்கு வேலை போகும் என்று பேச்சு. எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி.

முதல் நாளே கவனித்தேன். டீ குடித்ததும் சட்டைப் பையிலிருந்து பழுப்பு நிற நோட்டு ஒன்றை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஏதோ எழுதினார். மறுநாளும் அப்படியே. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவன் சாலை அளக்கும் தொக்தோசுன்.

"அக்கா, அந்த ஆளு டீயைக்கூட விடல. எத்தனை மணிக்கு உக்காந்தோம், எத்தனை கிண்ணம் குடிச்சோம், எல்லாம் நோட்டுல ஏறுது."

"நீ குடிக்கிறதுக்கு ஒரு நோட்டு பத்தாதேடா."

"சிரிங்க, சிரிங்க. கோப்பு அறை அம்மா டீக்கடை நடத்துறாங்கன்னு எழுதியிருப்பான். மொதல்ல போறது நீங்கதான்."

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. அவர் தன் டப்பாவில் ஒழுங்காகப் பெயர் எழுதினார். ரொட்டியை நிமிர்த்தி வைத்தார். வந்து சில நாளே ஆன ஒருவர் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாவது வாரம் அவர் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தார். எடுத்தது நான்.

"நீங்கதான் டீ ஊத்துறதுன்னு சொன்னாருக்கா. அவருக்கு இதயம் ரொம்ப பலவீனம். தண்ணி, டீ எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம். உப்பு ஆகவே ஆகாது. வெளிய சொல்லக் கூச்சப்படுவாரு. கொஞ்சம் பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருடைய உடம்பைப் பற்றிச் சமையலறையில் பேசுவது நாகரிகம் இல்லை.

எங்கள் கிர்கிஸ் பால் டீயில் உப்பு உண்டு. அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். தொக்தோசுன் முகத்தைச் சுளித்தான்.

"என்னக்கா, உப்புச் சுரங்கத்துல சம்பந்தம் பண்ணிட்டீங்களா?"

மற்றவர்களைச் சிரமப்படுத்துவது சரியில்லை. அன்றிலிருந்து கூடுதல் உப்பை ஒரே ஒரு கிண்ணத்தில் மட்டும் போட்டுவிட்டு அதில் ஊற்றினேன். இந்த ஊர் டீ இப்படித்தான் போல என்று அவர் குடித்தார். மூன்று கிண்ணம் ஐந்தானது. நான் ஊற்ற ஊற்ற அவர் எழுதினார். அவர் எழுத எழுத நான் ஊற்றினேன்.

நான்காவது வாரம் அவர் ஷூ நாடாவைக் கட்டாமல் நடந்தார். ஐந்தாவது வாரம் பனியில் செருப்போடு வந்தார். கால் ஷூவுக்குள் நுழையவில்லை.

"போதும்க்கா. உண்மையா போதும்."

"வாய்தான் போதும்ங்குது. கிண்ணம் இன்னும் கேக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "குடிக்கட்டும் விடுங்க, எழுத நேரம் இருக்காது" என்று தொக்தோசுன் என் காதில் சொன்னான். அவனுக்கு எதுவும் தெரியாது. அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அந்தப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு எட்டுக் கிண்ணம் குடித்தார். எழுந்து மாடிக்குப் போனார். நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று விசாரணையில் நீங்கள் அந்த நோட்டை என் முன்னால் திறந்து வைத்தீர்கள். எங்கள் பெயர்கள் இருக்கும் என்று நினைத்தேன். தேதி, நேரம், இத்தனை மில்லி குடித்தேன் என்பது மட்டும்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. டாக்டர் எழுதச் சொன்னாராம். யாரையும் வேலையை விட்டு அனுப்பும் பட்டியல் எங்குமே இல்லை என்றும் சொன்னீர்கள். எங்களைப் பற்றி அதில் இருப்பது ஒரே ஒரு குறிப்பு: 'அக்காவின் டீ. கிண்ணத்தைக் கவிழ்த்தால் அவர் மனம் புண்படும். மறுக்க முடியவில்லை.'

அப்படி அவரிடம் சொன்னது யார் என்று கேட்கிறீர்கள்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், மற்றவர்கள் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போன பிறகு, அவர் தன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "போதும்னா இப்படிக் கவுக்கணுமாக்கா? நானும் கவுக்கலாமா?"

நான் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "இந்த ஊர்க்காரங்க கவுக்கலாம் தம்பி. விருந்தாளி கவுத்தா, ஊத்தினவ மூஞ்சில இனி முழிக்க மாட்டேன்னு அர்த்தம். நீங்க அப்படிச் செய்வீங்களா?"

"ஐயோ, இல்லக்கா" என்று கிண்ணத்தை நிமிர்த்தி என் பக்கம் நீட்டினார்.

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் கிடையாது. அவருக்கு என்ன நோய் என்று தெரிந்துதான் சொன்னேன். தெரிந்துதான் ஊற்றினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் புதன்கிழமை அவர் தன் கிண்ணத்தைக் கழுவாமல் மேசையிலேயே விட்டுப் போனார். அதையும் நானே கழுவி வைத்தேன்.